யாருக்குச் சொன்னது, எப்போது சொன்னது

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து வெளியே வரும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலர் கையிலும் ஒரு சிறு அட்டை இருக்கும். புது வருஷத்துக்கான வாக்குத்தத்த வசனம். சில சபைகளில் ஆளுக்கொன்றாகத் தட்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்; சிலவற்றில் சபை முழுவதற்கும் ஒரே வசனம். அது காலண்டரில் ஏறும், வாசற்கதவில் ஒட்டப்படும், வேதாகமத்துக்குள் அடையாள அட்டையாக வருஷம் முழுக்க இருக்கும். வேலை தேடுகிறவரும், பிள்ளைக்கு வரன் பார்க்கிறவரும், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பார்கள். அந்த ஜெபத்தின் உண்மையைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. ஆனால் வருஷம் முடியும்போது வேலை கிடைக்காதவர், வரன் அமையாதவர், நோய் முற்றியவர் நிலைமை என்ன? யாராவது ஒருவர் வந்து, உங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார். வசனம் தப்பாது, ஆகவே தப்பு உன்னிடம்தான் என்பது அவர் போடும் கணக்கு. நொந்துபோன ஒருவர்மேல் இதைவிடக் கனமான சுமையை ஏற்றிவைக்க முடியாது. அந்தக் கணக்கைப் போடுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வியை அவர் கேட்கவில்லை: அந்த வசனம் முதலில் யாருக்கு, எந்த நிலைமையில், எதற்காகச் சொல்லப்பட்டது?

அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். தேவன் தம் மக்களுக்குக் கேடு நினைக்கவில்லை, நல்ல முடிவையே வைத்திருக்கிறார் என்பது அதன் சாரம். அது ஒரு கடிதத்தின் நடுவே வருகிறது. கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, இளம் அரசன் யோயாக்கீனையும் அவன் தாயையும் பிரபுக்களையும் தச்சர் கொல்லர்களையும் பாபிலோனுக்குப் பிடித்துப்போனான். எருசலேமிலேயே இருந்துவிட்ட எரேமியா, அரசாங்கத் தூதராகப் பாபிலோன் சென்ற எலெயாசா, கெமரியா என்ற இருவர் கையில் அந்தச் சிறையிருப்பின் மக்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டுப் பலனைச் சாப்பிடுங்கள், பெண் எடுங்கள், பெண் கொடுங்கள், உங்களைச் சிறைபிடித்த நகரத்தின் நலனுக்காக ஜெபியுங்கள் என்று தொடங்குகிறது அது. மூட்டைமுடிச்சைக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு அதை அவிழ்க்கச் சொல்லும் கடிதம்.

இந்தக் கடிதத்தின் கூர்மை தெரியவேண்டுமானால் அதற்கு முந்தின அதிகாரத்தை வாசிக்கவேண்டும். அங்கே அனனியா என்ற தீர்க்கதரிசி, ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்து, இன்னும் இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் இப்படி உடையும், எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று அறிவிக்கிறார். நுகம் உடைவதற்கு முன்பே, இரண்டு வருஷம் என்று கேட்ட எரேமியாகூட ஆமென், அப்படியே ஆகட்டும் என்றிருந்தார். அவருக்கும் அது ஆசைதான். ஆனால் தேவன் அனுப்பிய வார்த்தை எழுபது வருஷம் என்றது. 29:11 வருவது அந்த எழுபதைச் சொன்ன 10-ஆம் வசனத்துக்கு அடுத்தபடியாக. கடிதம் வாசிக்கப்பட்டபோது முப்பது வயதில் இருந்தவர் நூறு வயதில் ஊர் திரும்பலாம். பெரும்பாலோருக்கு அதன் பொருள், உங்கள் எலும்பு இங்கேதான், உங்கள் பேரப்பிள்ளைகள் போவார்கள் என்பதே. அதனால்தான் பாபிலோனிலிருந்த செமாயா என்பவர், காலம் நீளும் என்று எழுதிய இந்தப் பைத்தியக்காரனை ஏன் இன்னும் தொழுவில் மாட்டவில்லை என்று எருசலேம் ஆசாரியனுக்குப் பதில் கடிதம் போட்டார். இன்று நாம் வாழ்த்தட்டையில் அச்சடிக்கும் வார்த்தையை அன்று கேட்டவர்கள் கெட்ட செய்தியாகத்தான் கேட்டார்கள். அட்டையில் 11-ஆம் வசனத்தை மட்டும் அச்சிட்டு 10-ஐ விட்டுவிடுகிற நாம், நமக்குத் தெரியாமலே அனனியாவின் செய்தியை எரேமியாவின் பெயரில் விநியோகிக்கிறோம்.

அந்த மக்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு மண்ணுக்குள்ளிருந்தே சாட்சி கிடைத்திருக்கிறது. ராபர்ட் கோல்டவே பாபிலோன் அரண்மனையில் தோண்டியெடுத்த களிமண் ஏடுகளை 1939-இல் எர்ன்ஸ்ட் வைட்னர் வெளியிட்டார். யூதாவின் அரசன் யோயாக்கீனுக்கும் அவன் மகன்களுக்கும் அளந்து கொடுத்த எண்ணெயின் கணக்கு அதில் இருக்கிறது. அரண்மனைக் களஞ்சியத்தில் படியளக்கும் எழுத்தர் எழுதிவைத்த வரவு செலவு அது. 2014-இல் லாரி பியர்ஸ், கொர்னேலியா வுன்ஷ் இருவரும் வெளியிட்ட இன்னொரு தொகுதி, பாபிலோனிய நாட்டுப்புறத்தில் யூதா என்றே பெயர் பெற்ற ஒரு கிராமத்தைக் காட்டுகிறது. அந்த ஏடுகள் கி.மு. 572 முதல் 477 வரையிலான காலத்தவை. ராபா-யாமாவின் மகன் அகிக்காம் என்ற ஒரு குடியானவர் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறார். நிலம் குத்தகைக்கு, பார்லியும் பேரீச்சையும் பாட்டத்துக்கு, அரசுக்கு வரி, கடன், சாட்சிகளின் பெயர்கள். அவர் பெயரிலும் தகப்பன் பெயரிலும் எபிரெய மணம் போகவில்லை. வீடு கட்டு, தோட்டம் போடு என்ற வார்த்தையை அவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். கி.மு. 539-இல் கோரேஸ் பாபிலோனைப் பிடித்து, ஊர் திரும்ப அனுமதி கிடைத்த பிறகும் அந்தக் கிராமத்தில் குடியிருப்பு தொடர்ந்திருக்கிறது. எரேமியா 29:11 நிறைவேறிய விதத்தில் இந்த அகிக்காமும் அடக்கம்.

ஒரு வசனம் இப்படித் தன் கடிதத்திலிருந்து கழன்று தனியே நடமாடுவது எப்படிச் சாத்தியமானது? அச்சுக்கு இதில் பங்கு உண்டு. வேதாகமத்தை எழுதியவர்கள் அதிகாரமும் வசன எண்ணும் போடவில்லை. இன்றுள்ள அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டனோடு சேர்த்துச் சொல்லப்படுவது. புதிய ஏற்பாட்டின் வசன எண்களை 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சாளர் போட்டார். 1560-இல் வந்த ஜெனீவா வேதாகமம் ஒவ்வொரு வசனத்தையும் தனிப் பத்தியாக அச்சிட்டது. தேடி எடுக்க அது பெரிய உதவி. ஆனால் ஒரு நீண்ட பேச்சு, கண்ணுக்குத் தனித்தனி வாக்கியங்களின் வரிசையாகத் தெரியத் தொடங்கியது. 1731 முதல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் சபையார் நாளுக்கொரு வசனத்தை அச்சிட்டு வருகிறார்கள். அதைச் சீட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பது அவர்கள் வழக்கம். 1888-இல் ஸ்பர்ஜன் நாளுக்கொரு வாக்குத்தத்தமாகத் தொகுத்த நூலுக்கு விசுவாச வங்கியின் காசோலைப் புத்தகம் என்று பெயர் வைத்தார். ஸ்பர்ஜன் ஆழ்ந்து படித்த பிரசங்கியார், துன்பம் அறிந்தவர். அவர் கையில் அந்த உவமை கெட்டுப்போகவில்லை. ஆனால் காசோலையில் யார் பெயருக்கு என்ற ஒரு கோடு இருக்கிறது. அதைப் படிக்காமல் வங்கிக்குப் போகிறவர்தான் வெறுங்கையோடு திரும்புகிறார்.

அந்தக் கோட்டைப் படிக்காமல் நம் சபைகளில் அதிகம் பயன்படும் வசனம் உபாகமம் 28:12-13 என்று நினைக்கிறேன். உன்னை வாலாக விடாமல் தலையாக வைப்பார், நீ கடன் வாங்காமல் கொடுப்பாய் என்ற கருத்துடைய பகுதி. கடனில் மூழ்கியவருக்கும் பதவி உயர்வு தாமதமானவருக்கும் இதைச் சொல்லி ஜெபிக்கிறார்கள். அந்த அதிகாரத்தில் 68 வசனங்கள். ஆசீர்வாதம் முதல் 14 வசனங்களில் முடிந்துவிடுகிறது. மீதி 54-ம் சாபம். தலை, வால் என்ற அதே சொற்கள் 44-ஆம் வசனத்தில் தலைகீழாகத் திரும்பி வருகின்றன: உங்கள் நடுவிலுள்ள அந்நியன் கடன் கொடுப்பான், அவன் தலை, நீ வால். இரண்டும் ஒரே உடன்படிக்கையின் இரண்டு பக்கம்.

அந்த வடிவம் அந்தக் கால ஆட்களுக்குப் பழக்கமானது. அசீரிய அரசன் எசரத்தோன் கி.மு. 672-இல் தன் வாரிசுக்கு விசுவாசமாக இருப்போம் என்று கீழ்ப்பட்ட சிற்றரசர்களிடம் சத்தியம் வாங்கினான். அந்த ஏடுகள் 1955-இல் நிம்ரூதிலும், மற்றொரு பிரதி 2009-இல் துருக்கியின் தெல் தாயினாத்திலும் கிடைத்தன. மீறினால் வரும் சாபங்களின் நீண்ட பட்டியலில், வானம் வெண்கலமாகி மழை பெய்யாது, நிலம் இரும்பாகும் என்பதும் உண்டு; உபாகமம் 28:23-ஐ வாசித்தவர் திடுக்கிடுவார். இது ஒரு தேசத்தோடு, அதன் நிலத்தோடு, அந்த நிலத்தின் மழையோடு, நிபந்தனையோடு செய்த உடன்படிக்கை. ஒரு கம்பெனி ஊழியரின் பதவி உயர்வை இதில் தேடினால் கிடைக்காது.

இதற்கு ஒரு மறுப்பு எழும். சாபங்களைக் கிறிஸ்து சிலுவையில் சுமந்துவிட்டார், ஆசீர்வாதம் மட்டும் நமக்கு மிச்சம் என்பார்கள். கலாத்தியர் 3:13-ஐ ஆதாரம் காட்டுவார்கள். நியாயமான ஆதாரம்தான், ஆனால் பவுல் அங்கே நிறுத்தவில்லை. சாபம் நீங்கியதால் புறஜாதிகளுக்கு வந்து சேர்ந்தது எது என்று அடுத்த வசனத்திலேயே சொல்கிறார்: வாக்களிக்கப்பட்ட ஆவியானவர். கடன் கொடுக்கும் நிலைமையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. சாபத்தைப் பவுலோடு வாசித்துவிட்டு ஆசீர்வாதத்தை மட்டும் மோசேயோடு வாசிப்பது நேர்மையான வாசிப்பாகாது.

சில வசனங்களுக்கு இத்தனை ஆராய்ச்சிகூட வேண்டாம். பக்கத்து வசனத்துக்குக் கண்ணை ஓட்டினால் போதும். ஆபகூக் 1:5-இல், நம்பமுடியாத ஒரு செயலை உங்கள் நாட்களில் செய்யப்போகிறேன் என்று தேவன் சொல்வதை எழுப்புதல் கூட்டங்களின் பேனரில் போடுகிறார்கள். அந்தச் செயல் இன்னதென்று 6-ஆம் வசனம் சொல்கிறது: கொடிய கல்தேயரை உங்கள்மேல் எழுப்புகிறேன். பவுலும் அந்தியோகியா ஜெப ஆலயத்தில் இதை எச்சரிக்கையாகவே எடுத்துச் சொன்னார். மத்தேயு 18:20, ஆள் குறைந்த ஜெபக் கூட்டங்களின் ஆறுதல் வசனம். அது குற்றம் செய்த சகோதரனை விசாரிக்கும் நடைமுறையின் முடிவில் வருகிறது. இரண்டு மூன்று பேர் என்பது உபாகமம் 19:15 கேட்கும் சாட்சிகளின் எண்ணிக்கை. ஜெபத்துக்கு ஒருவர் தனியாக அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாலும் பிதா கேட்கிறார் என்று அதே மத்தேயுவின் 6-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லியிருக்கிறார்.

பிலிப்பியர் 4:13 தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் உரிய வசனமாகிவிட்டது: கிறிஸ்துவின் பலத்தால் எதையும் செய்ய முடியும். பவுல் இதை எழுதியபோது காவலில் இருந்தார். ரோம ஆட்சியில் காவலில் இருப்பவருக்குச் சோறும் துணியும் பெரும்பாலும் வெளியிலுள்ள உறவும் நண்பரும் கொண்டுவந்தால்தான். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து கையில் ஏதோ கொடுத்தனுப்பினார்கள். அவரோ இடையில் சாகும் அளவுக்கு நோயில் விழுந்து எழுந்தார். கடிதத்தின் கடைசிப் பகுதி அந்த உதவிக்கான நன்றி. வயிறு நிறைந்தும் பட்டினியாகவும் இருக்கக் கற்றுக்கொண்டேன் என்று 12-ஆம் வசனத்தில் சொல்லிவிட்டுத்தான் 13-ஐச் சொல்கிறார். எதையும் செய்வேன் என்பதன் அளவு, பட்டினியையும் தாங்குவேன் என்பது. தோற்றுப்போன மாணவனுக்கே இது அதிகம் உதவும். அவனிடம்தான் இதை யாரும் சொல்வதில்லை.

உங்கள் குறைவையெல்லாம் என் தேவன் நிறைவாக்குவார் என்ற கருத்துடைய 4:19-ம் அதே நன்றிக் கடிதத்தில் இருப்பது. தங்கள் வறுமையிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்களுக்குச் சொன்னது அது. பிலிப்பியும் சேர்ந்த மக்கெதோனியா சபைகளின் கொடிய தரித்திரத்தைப் பவுல் 2 கொரிந்தியர் 8-இல் வெளிப்படையாகவே எழுதுகிறார்.

பணம் பற்றிய வசனங்களில் மல்கியா 3:10-க்குத் தனி இடம் கொடுக்கவேண்டும், அதனால் விளைந்த காயம் பெரிது என்பதால். தசமபாகம் கொடுத்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்ற வாக்கு. எழுதப்பட்டது பெர்சிய ஆட்சிக் காலம். ஆலயத்தில் வேலை செய்த லேவியருக்குக் கோத்திரப் பங்கென்று நிலம் இல்லை. மக்கள் தானியமும் எண்ணெயும் கொண்டுவராவிட்டால் அவர்களுக்குச் சாப்பாடு இல்லை. பங்கு கிடைக்காமல் அவர்கள் வேலையை விட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனதை நெகேமியா 13-இல் காண்கிறோம். பண்டசாலை என்பது உண்மையில் தானியக் கிடங்கு. மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் ஊருக்குள்ளேயே வைக்கப்படவேண்டும் என்கிறது உபாகமம் 14. திறக்கும் பலகணி மழை. அடுத்த வசனத்தில் தேவன் தடுப்பது பயிரைத் தின்னும் பூச்சியை. இதையெல்லாம்விட முக்கியமானது ஐந்து வசனம் மேலே இருக்கிறது: கூலிக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்கிறவர்களுக்கும் விதவையை ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாக நானே சாட்சியாக வருவேன் என்கிறார் தேவன். வீட்டு வேலை செய்து வாழும் ஒரு விதவையிடம் 10-ஆம் வசனத்தை மட்டும் காட்டி அவள் சம்பளத்தில் பங்கு கேட்கும்போது, 5-ஆம் வசனம் கேட்கிறவருக்கு எதிராக எழுந்து நிற்கிறது. இதில் நடுநிலையாக எழுத எனக்கு வரவில்லை.

செழிப்பு உபதேசத்தின் இன்னொரு தூண் 3 யோவான் 2. உன் ஆத்துமா நன்றாயிருப்பது போல நீ எல்லாவற்றிலும் நன்றாயிருக்க வேண்டுகிறேன் என்று காயு என்பவருக்கு முதியவர் எழுதுவது. 1947-இல் இதை வாசித்ததே தம் ஊழியத்தின் திருப்புமுனை என்று அமெரிக்க ஊழியர் ஓரல் ராபர்ட்ஸ் பின்னாளில் எழுதினார். எகிப்தின் மணலிலிருந்து கிடைத்த பாப்பிரஸ் கடிதங்களை வாசித்தால் இந்த வரியின் இடம் விளங்கும். இரண்டாம் நூற்றாண்டில் அப்பியோன் என்ற எகிப்திய இளைஞன் ரோமக் கடற்படையில் சேர்ந்து இத்தாலியின் மிசேனும் துறைமுகத்திலிருந்து தகப்பனுக்கு எழுதுகிறான். முதல் வரியில், எல்லாவற்றுக்கும் முன்னதாக நீங்கள் சுகமாயிருக்க வேண்டுகிறேன். பிறகு கடல் ஆபத்திலிருந்து காத்த செராபிஸ் தெய்வத்துக்கு நன்றி, வழிச்செலவுக்குக் கிடைத்த மூன்று பொற்காசு பற்றிய செய்தி. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கிக் கடிதம் எழுதிய தலைமுறைக்கு இதை விளக்கவே தேவையில்லை. காயுவுக்கு எழுதியவர் அந்த வழக்கமான வாழ்த்தில் தம் அன்பை ஊற்றினார்; வாழ்த்தைச் சட்டமாக்கியது பிற்காலம்.

நீதிமொழிகள் 22:6 வேறு வகை. பிள்ளையை நல்ல வழியில் வளர்த்தால் முதுமையிலும் அவன் அதைவிட்டு விலகமாட்டான் என்கிறது. குடியிலும் கடனிலும் சிக்கிய மகனை வைத்துக்கொண்டு அழும் தாய்மார்களுக்கு இந்த வசனம் கத்தியாக இறங்குகிறது: அப்படியானால் என் வளர்ப்பில்தான் கோளாறு. நீதிமொழி என்பது உலகம் பெரும்பாலும் எப்படி நடக்கிறது என்று அனுபவசாலி சொல்லும் சொல். அந்த நூலின் 26-ஆம் அதிகாரத்தில் மூடனுக்குப் பதில் சொல்லாதே என்று 4-ஆம் வசனமும், சொல் என்று 5-ஆம் வசனமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. எப்போது எது பொருந்தும் என்று பார்க்கும் பொறுப்பு வாசிக்கிறவருடையது. சாமுவேலின் மகன்கள் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக உட்கார்ந்து லஞ்சம் வாங்கினார்கள். அதற்காக வேதம் சாமுவேலைக் குற்றம் சாட்டவில்லை. ஏசாயா முதல் அதிகாரத்தில் தேவனே, பிள்ளைகளை வளர்த்தேன், அவர்கள் எனக்கு விரோதமாய் எழும்பினார்கள் என்று வானத்தையும் பூமியையும் சாட்சிக்கு அழைக்கிறார். அந்தத் தாய்க்குக் காட்டவேண்டிய இடம் அது.

வாக்குத்தத்தத்தைத் தவறாக எடுத்துக்காட்டுவது நம் காலத்துப் பிரச்சினை என்று நினைக்கவேண்டாம். சுவிசேஷங்களே ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கின்றன. அதில் மேற்கோள் காட்டுகிறவன் பிசாசு. மேற்கோள், சங்கீதம் 91. ஆலயத்தின் உச்சியில் இயேசுவை நிறுத்தி, குதி, தூதர்கள் உன்னைக் கையில் ஏந்துவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். வரிகளில் பிழை பெரிதாக இல்லை. பிழை, அதை எதற்குப் பயன்படுத்துகிறான் என்பதில். தேவனைச் சோதிக்காதே என்று உபாகமம் 6:16-ஐக் கொண்டு இயேசு பதில் சொல்கிறார். அது மாசாவில் தண்ணீர் கேட்டு, தேவன் எங்களோடு இருக்கிறாரா இல்லையா என்று மக்கள் நிரூபணம் கேட்ட நிகழ்ச்சியைச் சுட்டுவது. வசனத்தை இன்னொரு வசனத்தின் அருகில் வைத்து வாசிக்கும் பாடத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தவர் இயேசுவே.

இந்தச் சங்கீதத்தை மந்திரம்போலப் பயன்படுத்துவது மிகப் பழைய வழக்கம். 1956-இல் கும்ரானின் 11-ஆம் குகையில் கிடைத்த ஒரு சுருள், பேய் ஓட்டும் பாடல்களோடு இதையும் கடைசியில் சேர்த்து வைத்திருக்கிறது. 2020-இல் கொரோனா பரவியபோது, கொள்ளைநோய் அணுகாது என்று சொல்லும் இந்தச் சங்கீதத்தை வீடுவீடாகக் காலையும் மாலையும் ஓதினோம். அப்படி ஓதிய வீடுகளிலும் சாவு விழுந்தது. மீதமிருந்தவர்கள் தேவன்மேல் கோபப்பட்டார்கள், அல்லது தங்கள்மேல். 15-ஆம் வசனத்தை அப்போது சேர்த்து வாசித்திருக்கவேண்டும்: ஆபத்தில் அவனோடு இருப்பேன் என்கிறது அது. ஆபத்தே வராது என்பவர் அப்படிப் பேசமாட்டார். கெத்செமனேயில் பன்னிரண்டு லேகியோனுக்கு அதிகமான தூதரைக் கேட்டுப் பெறமுடியும் என்று சொன்ன இயேசு, கேட்கவில்லை. சங்கீதம் 91-ஐ அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

இத்தனையும் சொன்னபின், அப்படியானால் இந்த வாக்குத்தத்தங்கள் எதுவும் நமக்கில்லையா என்ற கேள்வி நியாயமாக எழும். வேதபாடசாலையில் படித்துவிட்டு வந்த சிலர், அது இஸ்ரவேலுக்கு, இது பவுலுக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டு விசுவாசியை வெறுங்கையாக அனுப்புகிறார்கள். இதுவும் தவறுதான், ஏனெனில் வேதமே பழைய வாக்கைப் புதியவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறது. எடுத்துக் கொடுக்கும் விதத்தைத்தான் நாம் கவனிக்கவேண்டும். தானியேல் 9-ஆம் அதிகாரத்தில் தானியேல் எரேமியாவின் சுருளை வாசித்து எழுபது வருஷம் என்ற எண்ணைக் கண்டுகொள்கிறார். காலம் நெருங்கிவிட்டது என்று கொண்டாடவில்லை; இரட்டு உடுத்திச் சாம்பலில் உட்கார்ந்து, தம் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிடுகிறார். எரேமியா 29-இல், என்னை முழு இருதயத்தோடு தேடுவீர்கள் என்று 13-ஆம் வசனம் சொல்வதை அவர் விடவில்லை.

எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தில் இன்னொரு எடுத்துக்காட்டு. உன்னைக் கைவிடமாட்டேன் என்ற வாக்கு, யோர்தானைக் கடந்து படையெடுக்கப் போகும் யோசுவாவுக்குச் சொல்லப்பட்டது. நிருபத்தை எழுதியவர் 13:5-இல் அதைத் தம் வாசகர்களுக்குக் கொடுக்கிறார். அவர்கள் யார் என்பது 10-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: விசுவாசத்தால் நிந்திக்கப்பட்டவர்கள், ஆஸ்திகளைப் பறிகொடுத்தவர்கள். யோசுவாவுக்கு நிலம் கிடைத்தது. இவர்களிடமிருந்து வீடு போயிருக்கிறது. இழந்தது இங்கே திரும்பும் என்று எழுத்தாளர் எங்கும் சொல்லவில்லை. பண ஆசை வேண்டாம், இருப்பது போதும், ஏனென்றால் அவர் உங்களோடு இருக்கிறார் என்று சொல்லித்தான் அந்த வாக்கைக் கையில் வைக்கிறார். அதற்கு இரண்டு வசனம் முன்னதாக, சிறையில் கிடப்பவர்களை, அவர்களோடு நீங்களும் கட்டுண்டிருப்பது போல எண்ணிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறார்.